எழுதத் தெரியாத பிள்ளை எப்படிப் புகார் சொல்லும்?

தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் 'மாணவர் மனசு' என்ற பெயரில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் ஒரு சீட்டில் எழுதி அதில் போடலாம். நல்ல ஏற்பாடு. ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அது கைகொடுக்கும். ஆனால், 'அ' எழுதப் பழகிக்கொண்டிருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? தனக்கு நடந்தது தப்பு என்பதே பல நேரம் அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் அதைச் சொல்ல வார்த்தை இருக்காது. வார்த்தை இருந்தாலும், சொன்னால் தனக்குத்தான் அடி விழும் என்று பயம் இருக்கும்.

தொடக்கப்பள்ளியில் குழந்தைப் பாதுகாப்பைத் தனியாகப் பேச வேண்டியிருப்பது இதனால்தான். பிள்ளை வந்து சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே காத்திருக்க முடியாது. பார்க்க வேண்டியதும், சந்தேகம் வந்தால் வெளியே சொல்ல வேண்டியதும் பெரியவர்களின் வேலை. நம் பள்ளிகளில் நடந்த பெரிய துயரங்களைத் திரும்பிப் பார்த்தால், ஆபத்து யார் கண்ணிலும் படாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. பார்த்தவர்கள் இருந்தார்கள். சொன்னவர்கள்தான் இல்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். சத்துணவு சமைக்கும் இடத்தில் பற்றிய நெருப்பு, வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. அந்தக் கூரையை ஊரே தினமும் பார்த்துக்கொண்டுதான் போனது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து இறந்தாள். அந்த ஓட்டையின் மேல் எத்தனை பேர் கால் வைத்து ஏறி இறங்கியிருப்பார்கள்? 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில், வேனில் விட்டுவந்த பொருளை எடுக்கத் திரும்பிய இரண்டாம் வகுப்புச் சிறுவன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அந்த வேனில் சிக்கி இறந்தான்.

ஒவ்வொன்றுக்குப் பிறகும் விதிகள் மாறின. பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது. கும்பகோணத்தை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்புச் சொன்னது. தாம்பரம் விபத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. இப்போது ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தித் தரையைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

கூரையையும் பேருந்தையும் அப்படிச் சோதித்துவிடலாம். மனிதர்களால் வரும் ஆபத்தை என்ன செய்வது?

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசித் தயாரித்த அறிக்கை அது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள், சரியாகச் சொன்னால் 53.22 சதவீதம் பேர், ஏதாவது ஒரு வகையான பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் ஆண் பிள்ளைகளும் ஏறக்குறையப் பாதி. 'எனக்குப் பையன்தானே, பயமில்லை' என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை படிக்க வேண்டும். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் கால அறிக்கைகள் இதைவிடக் கசப்பானவை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்.

முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்று சொல்லிக்கொடுப்பது மட்டும் ஏன் போதாது என்பதற்கு இதுவே விடை. மிட்டாய் கொடுப்பவர் மாமாவாக இருக்கலாம், வேன் ஓட்டுநராக இருக்கலாம், டியூஷன் அண்ணனாக, வகுப்பு ஆசிரியராக இருக்கலாம்.

சின்னப் பிள்ளைகள் வாயால் சொல்லாததை உடம்பும் நடத்தையும் சொல்லும் என்கிறார்கள் இத்துறையில் வேலை செய்பவர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அடங்கிப்போகும். பாத்ரூம் போக மாட்டேன் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழக்கம் விட்டுப்போன பிறகு மறுபடி கால்சட்டையை நனைக்கும். காரணம் பிடிபடாத வயிற்று வலி, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் டீச்சரின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வது, வயதுக்கு மீறிய பேச்சு, பள்ளி விட்டும் வீட்டுக்குக் கிளம்பத் தயங்குவது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வயிற்று வலி வெறும் வயிற்று வலியாகவே இருக்கலாம். அதனால்தான் எழுதி வைப்பது முக்கியமாகிறது. திங்கட்கிழமை ஒரு டீச்சர் பார்த்ததும், புதன்கிழமை ஆயா பார்த்ததும், போன மாதம் சத்துணவுக்கூடத்தில் ஒருவர் பார்த்ததும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருந்தால் அவற்றுக்கு வேறு பொருள் வரும்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 2012 மார்ச்சில் இறந்துபோன 4 வயதுச் சிறுவன் ஒருவனின் கதை இதற்கு மிகக் கொடுமையான சான்று. போலந்திலிருந்து குடியேறிய குடும்பம். தாயும் அவளுடன் வாழ்ந்தவனும் அவனைப் பட்டினி போட்டு, அடித்துச் சித்திரவதை செய்தார்கள். அவன் தொடக்கப்பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டை எடுத்துத் தின்றதையும், குப்பைத் தொட்டியில் உணவு தேடியதையும் பள்ளியில் பார்த்தார்கள். உடம்பில் காயங்களையும் பார்த்தார்கள். அவனுக்குச் சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று தாய் சொன்னாள், நம்பினார்கள். அந்த இருவருக்கும் 2013இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு வெளியான மறு ஆய்வறிக்கை, பள்ளி தொடங்கிப் பல துறையினர் ஆளுக்கொரு துண்டாகப் பார்த்ததை யாரும் ஒன்றுசேர்க்கவில்லை என்றது. அதைவிட மனத்தை அறுக்கும் இன்னொன்றையும் சொன்னது. வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்தப் பையனிடம் அவன் மொழியில் யாரும் ஒருமுறைகூடக் கேட்டதாகப் பதிவு இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கண்காணிப்புக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து தட்டு ஏந்தி உட்காருகிறார்கள். பரிமாறும் பெண்கள் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள், சுயஉதவிக் குழுவினர். எந்தப் பிள்ளை முதல்நாள் இரவு சாப்பிடவில்லை, எந்தப் பிள்ளையின் கையில் சூடு போட்ட தழும்பு என்பது டீச்சருக்கு முன்பே அவர்கள் கண்ணில் படும். குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி என்றால் தலைமையாசிரியரை மட்டும் மாவட்டத் தலைநகருக்குக் கூப்பிட்டுப் பவர்பாயின்ட் காட்டுவதோடு நிற்கக் கூடாது. இந்தப் பெண்களையும் ஆயாக்களையும் வேன் ஓட்டுநர்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

சட்டமும் அவர்களை விட்டுவிடவில்லை. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு 'எந்த ஒரு நபரும்' என்றுதான் சொல்கிறது. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். கையில் ஆதாரம் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காகத் தகவல் தந்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ பாயாது என்றும் அதே பிரிவு உறுதி கொடுக்கிறது. சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

பள்ளிகளில் மிகப் பெரிய தவறு நடப்பது இந்த இடத்தில்தான். புகார் வந்ததும் தலைமையாசிரியரோ தாளாளரோ 'முதலில் நாங்கள் விசாரிக்கிறோம்' என்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிடுகிறார்கள், பிள்ளையையும் கூப்பிடுகிறார்கள், எதிரெதிரே நிறுத்துகிறார்கள். 'சார் அப்படியா பண்ணினாரு? நல்லா யோசிச்சுச் சொல்லு' என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் அது என்ன சொல்லும்? அழும், இல்லையென்றால் 'இல்ல மிஸ்' என்று சொல்லிவிடும். அதோடு விஷயம் முடிந்ததாக மினிட்ஸ் எழுதிவிடுவார்கள். விசாரிக்கும் அதிகாரம் பள்ளிக்குக் கிடையாது. அதற்கான பயிற்சியும் கிடையாது. பள்ளியின் வேலை காது கொடுப்பது, எழுதுவது, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது.

பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்ற பயம்தான் பெரும்பாலும் வாயைக் கட்டுகிறது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தியவர் மாணவிகளிடம் அத்துமீறிய வழக்கில், அவரோடு பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. அதே மாதம் மும்பைக்கு அருகே பத்லாபூரில், மழலையர் வகுப்புச் சிறுமிகள் இருவரிடம் பள்ளிக் கழிப்பறையில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் அத்துமீறியதாகப் புகார் எழுந்தது. ஒப்பந்த அடிப்படையில் அவர் வேலைக்குச் சேர்ந்து சில நாள்களே ஆகியிருந்தன. பெற்றோரின் புகாரைப் பதிவு செய்யவே காவல் நிலையத்தில் மணிக்கணக்கில் இழுத்தடித்தார்கள். மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயில்களை நிறுத்திய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அங்கும் தகவல் சொல்லாததற்காகப் பள்ளி நிர்வாகத்தினர் மீது வழக்குப் பதிவானது. மறைத்துக் காப்பாற்ற நினைத்த பெயர் இரண்டு இடங்களிலும் காப்பாற்றப்படவில்லை.

தகவல் சொல்ல வேண்டிய இந்தக் கடமை மருத்துவர்களுக்கும் பொருந்தும். மகாராஷ்டிரத்தில் பழங்குடிச் சிறுமிகள் தங்கிப் படித்த ஒரு விடுதியில் நடந்த கொடுமையைத் தெரிந்தும் சொல்லவில்லை என்று, அவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் மீது வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பல நேரம் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியே என்றது நீதிமன்றம்.

பிள்ளை ஏதோ சொல்ல வருகிறது என்றால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? முதலில் முகத்தில் அதிர்ச்சி காட்டக் கூடாது. டீச்சர் பதறினால், தான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யக் கூடாது. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றச் சட்டமே விடாது. 'உன்னைப் பாதுகாக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்றேன்' என்பது நேர்மையான பதில். 'அந்த மாமாதானே?' என்று நாமே எடுத்துக்கொடுக்கக் கூடாது. 'அப்புறம் என்ன ஆச்சு கண்ணு?' என்று மட்டும் கேட்கலாம். பிள்ளை சொன்ன வார்த்தைகளை, கொச்சையாக இருந்தாலும், அப்படியே தேதியும் நேரமும் போட்டு எழுத வேண்டும். ஹெச்.எம்.மிடம் ஒருமுறை, தாளாளரிடம் ஒருமுறை, பி.டி.ஏ. தலைவரிடம் ஒருமுறை என்று பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது இன்னொரு கொடுமை.

'சொல்லிவிட்டால் பிள்ளையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையவிடுவார்களே' என்று பெற்றோர் தயங்குவது நியாயமான பயம். இந்தப் பயத்தை மனதில் வைத்துத்தான் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் உதவி ஆய்வாளர் வர வேண்டும். சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழுவுக்குக் காவல் துறை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. நடைமுறை எல்லா ஊரிலும் இவ்வளவு மென்மையாக இல்லை. ஆனால், சட்டத்தில் இன்னது இருக்கிறது என்று தெரிந்த பெற்றோர் ஸ்டேஷன் வாசலில் அதைக் கேட்டு வாங்க முடியும்.

இவ்வளவையும் செய்தாலும், பிரம்பு ஓங்கும் கையிடம் எந்தப் பிள்ளையும் மனம்விட்டுப் பேசாது. தப்பாக எழுதியதற்கு அடிக்கிற டீச்சரிடம் போய், வீட்டில் சித்தப்பா இப்படிச் செய்கிறார் என்று சொல்லும் துணிச்சல் எட்டு வயதில் எப்படி வரும்? 2007 ஆய்வில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். தமிழ்நாடு 2003லேயே கல்வி விதிகளைத் திருத்தி அடியைத் தடை செய்தது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. இருந்தும், 'கண்ணை மட்டும் விட்டுட்டு எங்க வேணாலும் அடிங்க சார்' என்று சொல்லிவிட்டுப் போகும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிப்பதற்கு அவர்கள் கொடுக்கும் இந்த அனுமதி, பிள்ளை பள்ளியில் வாய் திறக்கும் வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறது.

பள்ளிக்குள் யார் வருகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பணியாளர்களின் பின்னணியைக் காவல் துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. ஆசிரியருக்குச் சான்றிதழ்களைப் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை வரும் கராத்தே மாஸ்டர், ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் வாட்ச்மேன், லீவில் போன ஓட்டுநருக்குப் பதிலாக வரும் ஆள்? பத்லாபூரில் ஓட்டை விழுந்தது இங்கேதான். சான்று இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. முதல் முறை மாட்டிக்கொள்ளும் வரை எல்லோருடைய பதிவும் சுத்தமாகத்தான் இருக்கும். எனவே, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குப் பெண் உதவியாளரே அழைத்துப் போக வேண்டும், வேனில் கடைசிப் பிள்ளை இறங்கும் வரை உதவியாளர் உடன் இருக்க வேண்டும் என்பவை எழுதப்பட்ட விதியாகவே இருக்க வேண்டும். யார் மீதும் சந்தேகப்பட்டு இப்படிச் சொல்வதில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் நேர்மையான ஆசிரியருக்கும் அதுவே கவசம்.

பெற்றோர் இதையெல்லாம் எங்கே கேட்பது? அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பள்ளி விட்டதும் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கிறார்கள், 1098, 14417 ஆகிய உதவி எண்கள் சுவரில் எழுதியிருக்கின்றனவா என்று கூட்டத்தில் கேட்டுத் தீர்மானமாக எழுதவைக்கலாம். தனியார் சுயநிதிப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால், 2021இல் சென்னைப் பள்ளிகளில் அடுத்தடுத்துப் பாலியல் புகார்கள் வெடித்த பிறகு, மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு எல்லாப் பள்ளிகளிலும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று சேர்க்கை நாளிலேயே கேட்கலாம். பீஸ் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் விடை கிடைக்காத ஓரிடம் இருக்கிறது. மலையோரத்திலும் சிற்றூர்களிலும் உள்ள ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் தலைமையாசிரியர், ஒருவர் உதவி ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் வகுப்பறையில் இருப்பது ஒரே பெரியவர். அந்த ஒருவரே தவறு செய்தால் பிள்ளை யாரிடம் போகும்? இன்னொருவருக்குத் தெரிந்தால், நாளை அதே அறையில் உட்கார வேண்டிய சக ஆசிரியர் மீது அவர் புகார் எழுதுவாரா? குழு, பெட்டி, நோட்டு எல்லாமே இங்கே அந்த இருவரின் கையில்தான். வெளியிலிருந்து தவறாமல் வரும் ஒரு முகம் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும். வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர்கள் பள்ளிப் பார்வைக்கு ஏற்கெனவே வருகிறார்கள். பதிவேட்டையும் கற்றல் விளைவுகளையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒரு பெண் பயிற்றுநர் ஒவ்வொரு வருகையிலும் அரைமணி நேரம், ஆசிரியர்கள் உடன் இல்லாமல், மரத்தடியில் எல்லோர் பார்வையிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைந்து, கதை பேசிவிட்டு, கண்டதை எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பினால் போதும். புதிய பணியிடம் எதுவும் வேண்டாம். பயிற்றுநரின் பார்வைப் படிவத்தில் ஒரு பத்தி சேர்த்து, கல்வித் துறை ஓர் ஆணை போட வேண்டும்.